ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை: வஹீபா மணலில் தனியாகப் போனவரின் மூன்று நாட்கள்

இது சில வருடங்களுக்கு முன் ஓமானில் நடந்தது. போனவர் என்னோடு வேலை பார்த்தவர், விருத்தாசலம் பக்கத்துக்காரர், அப்போது முப்பத்து நாலு வயது. எழுதச் சொன்னதும் அவர்தான், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நேரங்களையும் தூரங்களையும் அவருடைய போனில் இருந்த ஜிபிஎஸ் பதிவையும் என் போனின் அழைப்புப் பட்டியலையும் வைத்துச் சரிபார்த்தோம். இதில் என் தவறும் இருக்கிறது, அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

வஹீபா மணல் மஸ்கட்டிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி பிதியா, அல் வாஸில் ஊர்களின் விளிம்பில் தொடங்குகிறது. அரசுப் பலகைகளில் ஷர்கியா மணல் என்று இருக்கும், வாய்க்கு வருவது வஹீபாதான். வடக்கு தெற்காகச் சுமார் 180 கிலோமீட்டர், குறுக்கே 80 கிலோமீட்டர், மொத்தம் 12,500 சதுர கிலோமீட்டர் வரும். ரூப் அல் காலி போன்ற மகா பாலைவனத்தோடு ஒப்பிட்டால் இது சின்னதுதான். அந்தச் சின்னது என்ற எண்ணம்தான் ஆளைக் கெடுக்கிறது, வாரக்கடைசியில் போய் வந்துவிடலாம் என்று தோன்ற வைக்கிறது.

இதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். வடக்குப் பாதியில் மணல் நீள நீளமான முகடுகளாக வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கிறது. சில இடங்களில் 100 மீட்டர் உயரம். முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவே அகலமான பள்ளம், அதில் தரை ஓரளவு கெட்டியாக இருக்கும், பெதூ என்ற பாலைவன நாடோடி மக்களின் பிக்கப் தடங்களும் அதில்தான் போகும். ஆகவே தெற்கே போவது எளிது. கிழக்கே மேற்கே முகடு தாண்டுவதுதான் கஷ்டம்.

நம் ஆள் அதற்கு முன் ஆறு தடவை மணலுக்குள் போயிருக்கிறார், ஆறும் கூட்டத்தோடு. டயரின் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கு இறக்குவது, முகட்டில் வேகத்தை விடாமல் ஏறி உச்சியில் நிதானிப்பது எல்லாம் தெரியும். ஆனால் வண்டி சிக்கும்போதெல்லாம் பின்னால் வந்த வண்டி இழுத்துவிட்டது. அதனால் ஒரு பழைய பிராடோ ஜீப்பைத் தனியாளாக மணலிலிருந்து எடுக்கும் வேலையை அவர் ஒரு தடவைகூடச் செய்ததில்லை, செய்ததில்லை என்பதே அவருக்கு உறைக்கவும் இல்லை.

ஏப்ரல் கடைசி வாரம். மணலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் போவார்கள். அந்த வாரம் பகலில் நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னொரு வண்டியில் வருவதாக இருந்த குடும்பம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வியாழக்கிழமை சாயங்காலம் பின்வாங்கியது. ஓமானில் வெள்ளி, சனி விடுமுறை. அடுத்த வாரம் இன்னும் சூடாகும், இதை விட்டால் நவம்பர்தான். "சரி, நான் மட்டும் போயிட்டு வரேன் அண்ணே, ஒரு ராத்திரிதான்" என்று எனக்குப் போன் செய்தார். பிதியாவில் நுழைந்து தெற்கே இறங்கி, இரவு மணலில் தங்கி, மறுநாள் மஹவுத் பக்கம் தார்ச்சாலை ஏறுவது திட்டம். "சனிக்கிழமை சாயங்காலம் ரோட்டுக்கு வந்ததும் மெசேஜ் போடறேன்."

சரி என்றேன். எத்தனை மணிக்கு, வராவிட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தப் பள்ளம் வழியாக இறங்குகிறாய், ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியில் இருந்தவை

ஒன்றரை லிட்டர் பாட்டில் பன்னிரண்டு, அதாவது 18 லிட்டர் தண்ணீர். 20 லிட்டர் பெட்ரோல் ஜெர்ரி கேன். வண்டியோடு வந்த ஜாக்கி, சின்ன மண்வெட்டி, பேட்டரியில் மாட்டும் கம்ப்ரஸர், இழுவைக் கயிறு (இழுக்க இன்னொரு வண்டி இல்லாமல்). தயிர்சாதம், ஒரு பெரிய பாக்கெட் எலுமிச்சை ஊறுகாய், பேரீச்சம்பழம், ரொட்டி. படுக்க விரிப்பு ஒன்று, போர்வை ஒன்று. சாதாரண போன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி எதுவும் இல்லை. அதன் விலையை இரண்டு மாதமாக இணையத்தில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாராம்.

ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகையும் இல்லை.

வெள்ளிக்கிழமை

காலை 6:40க்கு பிதியா பெட்ரோல் பங்க்கிலிருந்து எனக்கு ஒரு படமும், மணல் தொடங்கும் இடத்திலிருந்து லொகேஷனும் அனுப்பினார். சும்மா உற்சாகத்தில் அனுப்பியது. பிறகு அதுதான் எங்களிடம் இருந்த ஒரே துப்பு.

பதினொன்றரை வரை எல்லாம் நன்றாகவே போனது. ஓடோமீட்டர் கணக்கில் 70 கிலோமீட்டர் தெற்கே வந்துவிட்டார். அங்கே பள்ளத்தின் தரை இளகி வண்டி திணற ஆரம்பித்ததும், பழைய டயர் தடம் ஒன்று கிழக்கே தாழ்வான ஒரு முகட்டு இடுக்கு வழியாகத் திரும்புவதைப் பார்த்து அதில் திரும்பினார். அதைத் தாண்டியதும் இன்னொரு முகடு. அதையும் தாண்டினார். இப்போது அவர், ஆட்கள் போய்வரும் பள்ளத்திலிருந்து நேர்க்கோட்டில் 4 கிலோமீட்டர் கிழக்கே, நடுவில் இரண்டு பெரிய முகடுகள்.

உச்சிவெயிலில் மணலில் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் மேடு எது, சரிவு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது, எல்லாம் ஒரே வெளிர்மஞ்சள் தாள் மாதிரி இருக்கும். அதனால்தான் பழகியவர்கள் பதினொன்று முதல் மூன்று வரை வண்டியை எடுப்பதில்லை. இவர் 11:45க்கு ஒரு சிறு மேட்டில் ஏறியபோது அதன் மறுபக்கம் திடீரென்று செங்குத்தாக இறங்கியது. பயத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினார். காற்று குறைத்த டயர் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. முன்பக்க இடது டயர் ரிம்மை விட்டுக் கழன்று, ரிம் மணலில் இறங்கி, வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

தனியாளாகவே சரிசெய்யக்கூடிய கோளாறுதான் இது. வண்டியைத் தூக்க வேண்டும், சக்கரத்தைக் கழற்ற வேண்டும், ஸ்டெப்னியை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜாக்கி வைத்தால் வண்டி எழுவதற்குப் பதிலாக ஜாக்கி மணலுக்குள் போனது. தோண்டி, ஃப்ளோர் மேட்டை நான்காக மடித்து வைத்துப் பார்த்தார், ஜாக்கி சாய்ந்து வழுக்கியது. மூன்றாவது தடவை வழுக்கியபோது வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கி, ஹப் முழுக்கப் புதைந்தது. நல்லவேளை கை அடியில் இல்லை.

12 மணியிலிருந்து 3 மணி வரை, நாற்பது டிகிரிக்கு மேல், குனிந்து மண்வெட்டி வேலை. கழன்ற டயரைச் சோப்புத் தண்ணீர் போட்டு உட்காரவைக்கலாம் என்று இரண்டு பாட்டில் தண்ணீரை அதற்கே கொட்டினார். ரிம் மணலுக்குள் அழுந்தி இருக்கும்போது அது உட்காராது. குடித்தது மட்டும் நான்கு லிட்டர். சாயங்காலம் தொடையிலும் வயிற்றிலும் தசை பிடித்து இழுக்க ஆரம்பித்தது. மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் வியர்த்திருப்பார், வியர்வையோடு உப்பும் போய்விட்டது, உள்ளே போனதோ வெறும் தண்ணீர். அவர் இதையெல்லாம் யோசிக்கவில்லை. பசிக்கவும் இல்லை. தயிர்சாதம் கெட்டுவிடுமே என்று ஊறுகாயோடு சாப்பிட்டார், ஒரு மணி நேரத்தில் பிடிப்பு விட்டது. அதன் பிறகு ஊறுகாய்ச் சாற்றை விரலால் தொட்டு நக்கிக்கொண்டே தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். மூன்று நாளும் நினைவு தப்பாமல் இருந்ததற்கு அந்த பாக்கெட்டும் ஒரு காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இரவு முகட்டு உச்சிக்கு ஏறிப் பார்த்தார். சிக்னல் இல்லை. எனக்கு அனுப்பிய வாட்ஸாப் செய்தி கடிகாரக் குறியோடு அப்படியே நின்றது. மீதி தண்ணீர் 11 லிட்டர்.

சனிக்கிழமை: நடந்து போகலாம் என்ற முடிவு

விடிகாலையில் வண்டியின் பானெட் முழுக்கப் பனித்துளி. கடல் ஈரம் இவ்வளவு உள்ளே வரும். துண்டால் துடைத்துப் பிழிந்ததில் அரை டம்ளர் கிடைத்தது, துருவும் தூசியுமாக ஒரு ருசி.

அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தார். வண்டியோடு இருந்தால் யார் வருவார்கள்? என்னிடம் சாயங்காலம் செய்தி போடுவதாகச் சொல்லியிருந்தாரே தவிர, போடாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவருக்கே தெரியவில்லை. இருந்த இடமோ, சொன்ன வழியிலிருந்து விலகிய இடம். பிக்கப் போகும் பள்ளம் 4 கிலோமீட்டரில் இருக்கிறது. ஊரில் நாலு கிலோமீட்டர் என்றால் பஸ் வராத நாளில் நடக்கிற தூரம். நடந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அவருடைய நிலையில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன், அதனால் இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் செய்த விதத்தில் மூன்று பிழை. கிளம்பும்போது மணி 7:45, வெயில் ஏறிவிட்டது, நடப்பதானால் முந்தின இரவோ விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ கிளம்பியிருக்க வேண்டும். இரண்டே பாட்டில் எடுத்துக்கொண்டார், மீதியைக் கனமாக இருக்கிறது என்று வண்டியிலேயே விட்டார். எந்தப் பக்கம் போகிறேன், எப்போது கிளம்பினேன் என்று கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டவில்லை. அன்று யாராவது வண்டியைப் பார்த்திருந்தால் காலியான வண்டியைத்தான் பார்த்திருப்பார்கள்.

முதல் முகட்டில் ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காலை வைத்தால் பாதி அடி பின்னால் சறுக்குகிறது, ஷூவுக்குள் மணல் சுடுகிறது. 10:15க்கு ஜிபிஎஸ் பார்த்தால் இன்னும் 2.3 கிலோமீட்டர் காட்டியது, இரண்டாவது முகடு முன்னால் சுவர் மாதிரி நின்றது. தலை விண்ணென்று வலித்தது. கையைப் பார்த்தால் அந்தச் சூட்டில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. கால் நேராக விழவில்லை. சூட்டில் உடம்பு தளரும்போது சிலருக்கு இப்படிப் புல்லரிக்கும். அதற்கும் மேலே போனால் குழப்பம் வரும், எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதே தெரியாமல் நடப்பார்கள்.

பள்ளத்தில் ஒரே ஒரு மரம் இருந்தது. அங்கே அதை காஃப் என்பார்கள். அவர் கிட்டே போய் அந்தச் சிறு சிறு இலைகளையும் முள்ளையும் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், நம்ம ஊர் வன்னி மரம். உண்மையிலேயே அதே மரம்தான். விருத்தாசலம் கோயிலின் தலமரம் வன்னி, திருப்பணி செய்தவர்களுக்கு அதன் இலையைக் கூலியாகக் கொடுக்க அது பொன்காசாக மாறியது என்று கதை. "இலை காசாக வேணாம் சாமி, நிழலா இருந்தா போதும்னு நெனச்சேன்" என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். வெயிலில் வெந்த மேல்மணலை ஒரு முழம் விலக்கி, அடியில் இருந்த குளிர்ந்த மணலில், நிழல் நகர நகர உடம்பை நகர்த்திக்கொண்டு சாயங்காலம் ஐந்து வரை கிடந்தார்.

ஐந்து மணிக்கு அவரிடம் இருந்தது முக்கால் லிட்டருக்கும் குறைவு. மேற்கே போனால் ஒரு தடம், அதில் அன்றிரவு யாராவது வருவார்களா என்பது தெரியாது. கிழக்கே போனால் 8 லிட்டர். திரும்பினார். மூன்று நாளில் அவர் எடுத்த நல்ல முடிவு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாதி தூரம் வந்தாயிற்றே, இன்னும் கொஞ்சம்தானே என்ற எண்ணத்தை விடுவது லேசில்லை.

மதியத்துக்கு மேல் அடித்த காற்று காலடித் தடத்தைப் பாதிக்கு மேல் அழித்திருந்தது. போனில் 6 சதவீதம் சார்ஜ். வண்டி இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருந்ததால் தப்பித்தார், அப்படியும் இருட்டில் வண்டியை நாற்பது அடி தள்ளித் தாண்டிப் போய்விட்டார். சந்தேகத்தில் திரும்பி டார்ச் அடித்தபோது பின்பக்க ரிஃப்ளெக்டர் சிவப்பாக மினுங்கியது.

அதே சாயங்காலம், மஸ்கட்டில்

எட்டு மணிக்கு எனக்கு அவருடைய ஞாபகம் வந்தது. செய்தி இல்லை. சார்ஜ் போயிருக்கும், களைத்துப் போய்த் தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். பத்து மணிக்கு ஒரு தடவை போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். படுத்துவிட்டேன். தேவையில்லாமல் போலீஸுக்குச் சொல்லி, அவர் பாட்டுக்கு வந்து இறங்கினால் அவமானமாகப் போய்விடுமே என்ற கூச்சமும் இருந்தது, மறைப்பானேன்.

ஞாயிறு காலை 8:10க்கு முதீர் (எங்கள் மேலாளர்) போன் செய்து அவர் ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அதற்குப் பிறகும் அவருக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, ஆளுக்கு ஆள் "வந்துடுவான்" என்று சொல்லக் கேட்டு, 10:20க்குத்தான் ஓமானின் அவசர எண்ணான 9999ஐ அழைத்தேன். அவர் தருவதாகச் சொன்ன செய்தி வராமல் போனதிலிருந்து அதற்குள் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

போலீஸ் கேட்ட முதல் கேள்வி வண்டி நம்பர். தெரியவில்லை. நிறம் வெள்ளை என்றேன், ஓமானில் பாதி வண்டி வெள்ளை. அவருடைய ரூம் மேட்டைப் பிடித்து, அலமாரியில் தேடி, முல்கியாவின் (வண்டியின் பதிவு அட்டை) நகல் கிடைத்து நான் நம்பரைச் சொல்ல இன்னும் ஐம்பது நிமிடம். எந்த வழி என்றார்கள். "வஹீபா" என்றேன். எதிர்முனையில் ஒரு வினாடி சத்தமே இல்லை. அப்போதுதான் வெள்ளிக்கிழமை காலை வந்த லொகேஷன் நினைவுக்கு வந்தது, அதை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை: புகை

அவர் பக்கம். சனி இரவு வண்டியில் இருந்து போனை சார்ஜ் போட்டுவிட்டு, மீதி தண்ணீரை மூடியால் அளந்து குடிக்க ஆரம்பித்தார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மூடி. இது பலரும் செய்வது. ஆனால் குடிப்பதைக் குறைத்தால் வியர்ப்பது குறையாது, உடம்பு தன் கணக்குப்படி இழந்துகொண்டேதான் இருக்கும். மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையைத்தான்: நிழலில் கிடப்பது, பகலில் அசையாமல் இருப்பது, சட்டையைக் கழற்றாமல் இருப்பது. பாட்டிலில் தண்ணீர் இருக்கவே தாகத்தில் செத்தவர்கள் பாலைவனத்தில் உண்டு. ஞாயிறு காலை சிறுநீர் காப்பி நிறத்தில் போனதைப் பார்த்துப் பயந்து, மூடிக் கணக்கை விட்டுவிட்டு ஒரேயடியாக அரை லிட்டர் குடித்தார். அதுவரை மந்தமாக இருந்த மூளை அதற்குப் பிறகுதான் வேலை செய்தது என்கிறார்.

ஹசார்ட் விளக்கை இரவு முழுக்க அவ்வப்போது போட்டிருந்தார். வண்டி இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடந்ததால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. புகை என்றால் மேலே போகும். ஸ்டெப்னியை எரித்தால் பிறகு வண்டிக்கு என்ன செய்வது என்று அவர் ஒரு மணி நேரம் தயங்கியிருக்கிறார், அந்த நிலையிலும் டயர் விலை மனதில் ஓடியிருக்கிறது. கடைசியில் அதன் காற்றை முழுக்க இறக்கி, வண்டியிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, காற்று வண்டிப் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து, பெட்ரோலில் நனைத்த துணியை உள்ளே திணித்துப் பற்ற வைத்தார். காற்று எழும்பாத காலை ஏழரை மணி. கரும்புகை நேராக எழுந்து முக்கால் மணி நேரம் நின்றது. யாரும் வரவில்லை.

வெயில் ஏறியதும் வண்டியின் நிழல் விழும் பக்கம் மணலை ஒரு முழம் தோண்டி, போர்வையைக் கதவிலிருந்து கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டி அதற்குள் படுத்தார். வண்டிக்கு அடியில் போகவில்லை, ஜாக்கி வழுக்கியது நினைவிருந்தது. வண்டிக்குள்ளும் இருக்கவில்லை. ஏசி போடலாமே என்று கேட்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமையே போட்டுப் பார்த்தார், சைலன்சர் பாதி மணலில் புதைந்திருந்ததால் இருபது நிமிடத்தில் உள்ளே புகை நாற்றம் வந்தது, நிறுத்திவிட்டார். கார்பன் மோனாக்ஸைடுக்கு நாற்றம் கிடையாது. இவருக்கு வேறு நாற்றமாவது வந்தது, அதிர்ஷ்டம்.

நான்கே முக்காலுக்கு ஒரு பிக்கப் முகட்டின் மேல் தெரிந்தது.

வந்தவர் வயதான ஒரு பெதூ, கூட ஒரு பையன். காலையில் தன் ஒட்டகங்களைப் பார்க்கப் போனபோது கிழக்கே கரும்புகையைப் பார்த்திருக்கிறார், யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று விட்டுவிட்டார். மத்தியானம் பிதியாவில் கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு இந்தியரை வெள்ளை பிராடோவோடு காணோம் என்று போலீஸ் விசாரிப்பது காதில் விழுந்திருக்கிறது. புகையும் தகவலும் அவர் தலைக்குள் ஒன்று சேர்ந்தன, நேராக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். புகை மட்டும் என்றால் அது குப்பைதான். என் போன் மட்டும் என்றால் 12,500 சதுர கிலோமீட்டரில் ஒரு வெள்ளை வண்டி.

லபான் (மோர்) கொடுத்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்பட்டபோது பையன் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டானாம். பிறகு பேரீச்சம்பழம், காப்பி. வண்டியில் மிச்சம் இருந்த தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இன்னொரு பகல் தாண்டியிருக்காது.

பிறகு

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சலைன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது, மூன்றாவது வாரம் எடுத்த சோதனையில் சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து ஆற ஒரு மாதம். பெரியவர் பணம் வாங்கவே இல்லை, இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தோம், இரண்டாவது தடவை கோபித்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு மூட்டை அரிசியோடு போனோம், அதை வாங்கிக்கொண்டு எங்களுக்கே சமைத்துப் போட்டார்.

எதை மாற்றுவோம்

தனியாகப் போகவே கூடாது என்று எழுதினால் சுலபமாக முடிந்துவிடும். அவர் அதன் பிறகும் தனியாகப் போகிறார், நான் தடுக்கவில்லை. ஆனால் ஆழ மணலுக்குள் ஒற்றை வண்டியாகப் போவதில்லை, தனியாகப் போனால் ஆள் நடமாடும் கெட்டித் தடத்தோடு சரி. பதினொன்றுக்கு வண்டியை நிறுத்திவிடுகிறார். செயற்கைக்கோள் கருவி வாங்கியாயிற்று. அது இருந்திருந்தால் வெள்ளி சாயங்காலமே எனக்குத் தகவல் வந்திருக்கும், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கருவியை விட எனக்கு உறுத்துவது என் பக்கத்து ஓட்டை. காத்திருக்கும் ஆளுக்கும் ஒரு வேலை உண்டு, அது அவர் கிளம்பும்போதே தொடங்குகிறது. இப்போது அவர் எங்கே போனாலும் எனக்கு ஒரு தாள் வருகிறது. முதல் வரியில் வண்டி நம்பர், முல்கியாவின் படம், பிறகு வழி, விலகினால் எந்தப் பக்கம் விலகுவேன், கடைசியில் ஒரு மணி. அந்த மணிக்குச் செய்தி வராவிட்டால் நான் ஒரு தடவை அழைப்பேன், எடுக்காவிட்டால் அரை மணி நேரத்தில் 9999. அவர் எங்கோ டீ குடித்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அவமானம் என்னுடையது என்று பேசி வைத்திருக்கிறோம். ஒரு தடவை அப்படி ஆகவும் ஆனது, போலீஸ்காரர் கோபிக்கவில்லை, "நல்லது, நல்லது" என்று வைத்துவிட்டார்.

வண்டியை விட்டு நகர்வதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. யாருக்கும் தெரியாமல் போனவர் வண்டியோடு இருந்து என்ன பயன் என்பது அவர் கட்சி. எனக்கென்னவோ, போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனவருக்கு அந்தக் கேள்வியே எழாது என்று படுகிறது. நடந்தே ஆக வேண்டும் என்றால் இரவில், சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, திரும்பி வரத் தேவையான தண்ணீரையும் தூக்கிக்கொண்டு. இதில் இருவருக்கும் சண்டை இல்லை.

வண்டியை எடுத்தது

ஒன்பது நாள் கழித்து மூன்று வண்டியில் போய் எடுத்தோம். அதில் ஒருவர் கராஜ் வைத்திருப்பவர். அவர் இறங்கி, புதைந்த சக்கரத்தைப் பார்த்தார், கருகிக் கிடந்த ஸ்டெப்னி ரிம்மைப் பார்த்தார். "இத படுக்கப் போட்டு அது மேல ஜாக்கி வச்சிருக்கலாமே" என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தன் வண்டியிலிருந்து இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகை ஒன்றை எடுத்துப் போட்டார், ஜாக்கி வைத்தார், வண்டி எழுந்தது. சக்கரத்தைக் கழற்றி வெளியே எடுத்து, ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருந்த மணலைத் துணியால் துடைத்து, நம் ஆளுடைய அதே கம்ப்ரஸரை மாட்டினோம். டப்பென்று சத்தத்தோடு டயர் ரிம்மில் உட்கார்ந்தது. மணி பார்த்தேன், நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, அதில் பத்து நிமிடம் பலகையைத் தேடியது.